முட்டியைப் பூட்டாதே என்றவர்

சென்ற திங்கட்கிழமை காலை, மலாக்காவின் கிளேபாங்கில் என் வீட்டில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. என் மனைவி எடுத்தாள். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். பேசியவன் பூன், காஜா பெராங் தெருவில் டோபிக் கடை நடத்தும் லானின் மகன்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க," என்றான். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும், தாயிடமிருந்து ஒட்டியது. "எப்பவும் போல காலையில பின்னால நின்னாங்க. முடிச்சிட்டு உள்ள வந்து நாற்காலில உக்காந்தாங்க. நான் கோப்பி கலக்கிட்டு வந்து பாத்தேன். அவ்வளவுதான்."

வருத்தப்பட்டேன் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். மறுபாதி பெருமை. நிற்பதைப் பாதியில் விட்டுவிட்டு அவர் போகவில்லை. நின்று முடித்து, உள்ளே வந்து, முறையாக உட்கார்ந்து போயிருக்கிறார். வாயில் நுரையோடு "சபாஷ்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், சாவுச் செய்தி சொல்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது என்று உறைத்தது. பூன் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "நானும் அதான் அங்கிள் நெனச்சேன்," என்றான்.

அந்தக் கடையில் துணி போட்டவர்களுக்கு லானை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பொத்தான் அறுந்த சட்டையைக் கொண்டுவந்தால் தோட்டத்துத் தமிழில் திட்டும் சீனப் பெண்மணி அவர்தான். காலையில் சீக்கிரம் போய்விட்டால், கொல்லையில் ஈரத் துணிகளுக்கு நடுவே கம்பம்போல் நிற்பவரும் அவரே. அவர் ஏன் நிற்கிறார் என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. இடுப்பு வலி என்றார்கள், புருஷன்மேல் கோபம் என்றார்கள். அந்தக் கொல்லைக்கு ஒரு பொம்பாக்காரன், அதாவது தீயணைப்புக்காரன், ஆறு வாரம் தினமும் போய்வந்ததற்கும் கதைகள் கட்டினார்கள். அந்தப் பொம்பாக்காரன் நான்தான். உண்மைக் கதை அவற்றையெல்லாம்விட வேடிக்கையானது.

மலாயா விடுதலை பெற்ற ஆண்டு அது. எனக்கு இருபத்து மூன்று வயது. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து, மலாக்கா நகரத்தில் தீயணைப்பு வேலையில் சேர்ந்திருந்தேன். ஏணியில் ஏறுவேன், புகைக்குள் போவேன், குழாயைச் சுமந்துகொண்டு ஓடுவேன். ஒன்றே ஒன்று என்னால் முடியாது. அசையாமல் நிற்க முடியாது. அணிவகுப்பில் நிறுத்தினால் கால்மணி நேரத்தில் காது அடைக்கும், கண் இருளும், பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை வெள்ளைக்கார மேலதிகாரி பார்வையிட வந்தபோது, சரியாக அவர் என் முன்னால் வந்து நின்ற சமயத்தில் விழுந்தேன். என் பித்தளைத் தலைக்கவசம் கழன்று, சத்தத்தோடு உருண்டு கால்வாயில் போய் விழுந்தது. அன்று முதல் எனக்கு 'டுரியான்' என்று பெயர். அந்தப் பழத்தை யாரும் பறிக்க வேண்டியதில்லை, தானாக விழும் என்று அர்த்தமாம்.

சுதந்திர நாளன்று பாடாங் திடலில் நடக்கும் அணிவகுப்புக்கு எங்கள் நிலையத்திலிருந்து பன்னிரண்டு பேர் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றே என் அப்பாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். முன் வரிசையில் நிற்கப் போகிறேன், வந்து பாருங்கள் என்று. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளி வாத்தியார் அதைக் கோவிலடியில் வைத்துச் சத்தமாகப் படித்திருக்கிறார். ஒரு வாரத்தில் பதில் வந்தது: தோட்டத்தில் லாரி பேசியாகிவிட்டது, நாற்பது பேர் வருகிறார்கள், நீ நிற்கும் இடத்துக்கு நேராக நாங்கள் இருப்போம்.

அந்தப் பதில் வந்த அன்றுதான் எங்கள் நிலையத்து சார்ஜன் மூசா பெயர்ப் பட்டியலை ஒட்டினார். அதில் நான் இல்லை.

சார்ஜன் மூசா கெட்டவர் அல்லர். நான் பின்னாலேயே போய்க் கெஞ்சியபோது உட்கார வைத்துக் கேட்டார். மலாயில்தான் பேசுவார். "நீ விழுந்தால் நீ மட்டும் விழமாட்டாய், டுரியான். மொத்த நிலையமும் விழும். அதுவும் அந்த நாளில்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து மனம் இளகி ஒரு வழி சொன்னார். ஆறு வாரம் கழித்து, நிலையத்து முற்றத்தில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நின்றால் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வார். விழுந்தால் சுதந்திர நாள் முழுவதும் நான் நிலையத்தில் தொலைபேசிக்குக் காவல்.

மறுநாள் காலை சீருடை வாங்க லானின் கடைக்குப் போனேன். எங்கள் நிலையத்துச் சீருடைகளை வெளுத்துக் கஞ்சி போடுவது அவர்தான். முன்னால் ஆள் இல்லை. பக்கவாட்டு நடையில் கொல்லைக்குப் போனேன். கொடியில் வெள்ளைச் சட்டைகள் தொங்க, நடுவில் லான் நின்றுகொண்டிருந்தார். பாதங்கள் தோளகலத்துக்கு விரிந்திருந்தன. முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பெரிய தண்ணீர்ச் சாடியை அணைத்திருப்பதுபோல் கைகள் நெஞ்சுக்கு நேராக வளைந்திருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முதுகில் துணியில் கட்டிய ஆறு மாதக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்தக் குழந்தைதான் பூன்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். கண் திறந்தபடி அசையாமல் ஒரு பெண் நின்றால் அதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். செருப்பைக் கழற்றினேன். கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் பூசாரி கேட்பதுபோல் பணிவாகக் கேட்டேன்.

"யாரு வந்திருக்கிறது, தாயி?"

உதடு மட்டும் அசைந்தது. "டோபிக்காரி வந்திருக்கேன். ஒன் சட்ட இன்னும் காயல. நாளைக்கு வா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனத்திக்கு இத்தனை தமிழா என்று பிறகு கேட்டேன். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் வரும்வரை லான் எங்கள் பிள்ளைகளோடுதான் புழுதியில் விளையாடியிருக்கிறார். சண்டை போட்டால் தமிழில்தான் வாய் வரும் என்றார். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டால் "கெழவி ஆக்காத" என்பார். அதனால் முதலாளியைக் கூப்பிடுவதுபோல் தவுக்கே என்று கூப்பிட்டேன். கடைசிவரை அதுதான் நிலைத்தது.

என் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எப்படி நிக்கிற, நின்னு காட்டு," என்றார். விறைப்பாக நின்று காட்டினேன். குனிந்து என் முழங்காலின் பின்பக்கத்தில் துணி தட்டும் கட்டையால் ஒரு தட்டு தட்டினார். மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"இதான் ஒன் சீக்கு. முட்டியப் பூட்டிடுற. பூட்டினா ரத்தம் கால்லயே நின்னுரும், மேல ஏறாது. மண்ட காலியாயிரும். முட்டியப் பூட்டாத, பொம்பா."

அப்போதுதான் அவர் செய்வது என்னவென்று தெரிந்தது. சீனர்களின் சண்டைக் கலையில் ஒரு வகை உண்டாம். அதில் அடியும் உதையும் பிறகுதான். முதலில் மாதக் கணக்கில் வெறுமனே நிற்க வேண்டும். அவருடைய அப்பாவுக்கு அது தெரியும். "அடிக்கிறதெல்லாம் தம்பிக்குக் கொடுத்தாரு. எனக்கு நிக்கிறத மட்டும் கொடுத்தாரு, பொம்பளப் புள்ளைக்கு இது போதும்னு," என்றார் லான். "தம்பி ஆறு மாசத்துல எல்லாத்தையும் மறந்துட்டான். நான் இன்னும் நின்னுக்கிட்டேதான் இருக்கேன்."

நான் நம்பாமல் பார்த்திருக்க வேண்டும். கைகளை வளைத்து நின்று, "தள்ளிப் பாரு," என்றார். பெண்பிள்ளையைத் தள்ளுவதா என்று கூச்சமாக ஒரு கையை அவருடைய முன்கையில் வைத்துத் தள்ளினேன். இரண்டு கையாலும் தள்ளினேன். பிறகு கூச்சமெல்லாம் போய், நெருப்புப் பிடித்த வீட்டின் கதவைத் தள்ளுவதுபோல் முழு பலத்தோடு தள்ளினேன். முதுகில் குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. அவருடைய பாதம் நகரவில்லை. பிறகு மூச்சை விட்டபடி இடுப்பைக் கொஞ்சம் திருப்பினார், அவ்வளவுதான் செய்தார். நான் சவுக்காரத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்கு முன்னால் போனேன். முதல் நாள் ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் தொடை தையல் மெஷின்போல் ஆடியது. "நடுங்குதா? நல்லது. கால் வேல செய்யுது," என்றார். இரண்டாம் வாரம் என் வளைந்த கைகளில் ஈரச் சட்டைகளைப் போட ஆரம்பித்தார். பயிற்சிக்காக என்றுதான் நினைத்தேன். கொடியில் இடம் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் கோலத்தில்தான் ஒரு நாள் கம்போங் செட்டியிலிருந்து கெபாயா மேல்சட்டைகளை வெளுக்கக் கொண்டுவந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய செட்டி மக்களுக்குப் பேச்சு மலாய்தான். ஆனால் சாமி நம்முடைய சாமி. கை வளைந்து, கால் நடுங்கி, கண்ணில் வியர்வை வழிய நின்ற என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியில் பூசினார். எந்தக் கோவிலுக்கு வேண்டுதல் என்று லானிடம் மலாயில் கேட்டார். லான் முகத்தை மாற்றாமல், "பாடாங் கோவிலுக்கு," என்றார். அந்த அம்மாள் என்னை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காஜா பெராங் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதையை என் வாழ்நாளில் வேறெங்கும் பெற்றதில்லை.

நிற்கும்போது நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பேன். நாற்பது பேர், ஒரு லாரி, என் அப்பா. லானுக்கு அது தெரிந்துவிடும். "விழக் கூடாது விழக் கூடாதுன்னு நெனைக்கிறியா? அப்ப விழுறதத்தான் நெனைக்கிற. ஒன் பாதம் எங்க இருக்குன்னு நெனை," என்பார். பாதத்தை நினைத்தேன். குதிகால், விரல், அதற்கடியில் கொல்லை மண். ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, நடுக்கம் நின்றது. கை தன்னால் மிதந்தது. உடம்பின் எடை முழுவதும் காலடியில் இறங்கிவிட்டது, தலை மட்டும் லேசாக மேலே இருந்தது. எத்தனை நேரம் போனதென்று தெரியவில்லை. கண்ணை உருட்டிப் பார்த்தபோது என் கையில் கிடந்த சட்டைகள் காய்ந்திருந்தன. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது. தெரு நெடுக ஓடியே வேலைக்குப் போனேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அணிவகுப்பில் முழங்கால் நேராகத் தெரிய வேண்டுமே? லேசாக மடங்கினாலும் சார்ஜன் மூசாவின் கண்ணுக்குத் தப்பாது. லானிடம் சொன்னேன். "அது ஒன் வேல இல்ல, என் வேல," என்றார். என் கால்சட்டைக்கு அவர் அன்று போட்ட கஞ்சி, கஞ்சி அல்ல, சிமெண்ட். தரையில் வைத்தால் ஆள் இல்லாமல் நின்றது. உள்ளே முட்டி அரை அங்குலம் தளர்ந்திருந்தாலும் வெளியே மடிப்பு நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன். "நீ விழுந்தா நல்லாருக்குமா?" என்றார்.

சோதனை நாள் வந்தது. முற்றத்தில் நல்ல வெயில். சார்ஜன் மூசா கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் சகாக்கள் வாளியில் தண்ணீரோடு தயாராக நின்றார்கள், விழுந்தால் தெளிக்க. நான் பாதத்தை நினைத்தேன். கால்மணி போயிற்று, அரைமணி போயிற்று. வாளிக்காரர்களுக்கு அலுப்புத் தட்டியது. ஐம்பதாவது நிமிடத்தில் மணி அடித்தது. என் மணி அல்ல, தீ மணி.

ஆற்றோரத்தில் ஒரு கொப்பரைத் தேங்காய்க் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. கொப்பரை நெருப்பு லேசில் அடங்காது. எண்ணெய் உருகித் தரையெல்லாம் வழியும். குழாய் முனையை எப்போதும் இருவர் பிடிப்போம், முன்னால் ஒருவர், பின்னால் தாங்க ஒருவர். தண்ணீர் முழு வேகத்தில் வந்த சமயம் என் பின்னால் நின்றவன் எண்ணெயில் வழுக்கி விழுந்தான். ஒற்றை ஆளிடம் அந்த முனை நிற்காது. கையை விட்டு அது துள்ளினால் அருகில் இருப்பவனின் மண்டை உடையும். நான் யோசிக்கவில்லை. முட்டி தானே தளர்ந்தது, எடை கீழே போனது, கைகள் குழாயைச் சுற்றிச் சாடியை அணைப்பதுபோல் வளைந்தன. குழாய் திமிறியது, நான் நின்றேன். ஒரு கணம் எனக்குக் கொல்லையும் வெள்ளைச் சட்டைகளும்தான் தெரிந்தன. உதவிக்கு ஓடிவந்த சார்ஜன் மூசா இரண்டடி தள்ளி நின்று என் காலைப் பார்த்தார். பிறகுதான் வந்து பின்னால் பிடித்தார்.

நெருப்பு அணைந்த பிறகு, கரி பூசிய முகத்தோடு எல்லோரும் அமர்ந்திருந்தபோது, எனக்குக் கலக்கம். ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது, பத்து நிமிடம் பாக்கி. எழுந்து போய், "துவான், மீதியை நாளைக்கு நிற்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "டுரியான் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது." அவ்வளவுதான். பதின்மூன்றாவது பெயர் எழுதப்பட்டது.

சுதந்திர நாளன்று பாடாங்கில் கூட்டம் எள் விழ இடமில்லை. முன் வரிசையில் வலது ஓரம் எனக்கு. எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், எங்கள் தோட்டத்து லாரி. அதன் தலைப்பகுதியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் அப்பா. பேச்சு முடியும் என்று பார்த்தால் இன்னொரு பேச்சு வந்தது. வெயில் ஏறியது. என் கஞ்சி தாங்கியது. ஆனால் எங்களுக்கு இரண்டடி முன்னால், முதுகைக் காட்டி நின்ற சார்ஜன் மூசா, ஒரு கட்டத்தில் மெல்ல ஆடினார். எனக்கு அந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். அவருடைய முழங்காலின் பின்பக்கம் கட்டைபோல் விறைத்திருந்தது. அணியில் பேசக் கூடாது என்பது சட்டம். பல்லுக்குள், மலாயில், "முட்டி, துவான். முட்டியை விடுங்கள்," என்றேன். காது மடல் அசைந்தது. முட்டி தளர்ந்தது. ஆட்டம் நின்றது. அன்று எங்கள் நிலையத்தில் ஒருவரும் விழவில்லை. 'மெர்டேகா', சுதந்திரம், என்று கூட்டம் முழங்கியபோது, விறைப்பாக நின்றபடியே நான் அழுதேன்.

அணி கலைந்ததும் லாரிக்கு ஓடினேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு ரகசியம்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், லாரிப் பக்கத்துல ஒரு சீனப் பொண்ணு நின்னுச்சு. முதுகுல புள்ள. நீ நின்ன நேரம் பூரா அதுவும் அசையலடா. ஒன்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குப் பயமாப் போச்சு. எறங்கிப் போயி, யாரு வந்திருக்கிறது தாயின்னு கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"டோபிக்காரி வந்திருக்கேன், என் கஞ்சி தாங்குதான்னு பாக்குறேன்னு சொல்லுச்சுடா, நம்ம தமிழ்ல."

கூட்டத்தில் தேடினேன். போய்விட்டிருந்தார். அன்று வெளுக்க வேண்டிய துணி நிறைய இருந்தது என்று மறுநாள் சொன்னார். நன்றி சொன்னதற்கு, பொத்தான் ஒன்று அறுந்திருக்கிறது என்று திட்டினார்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கொல்லைக்குப் போய்வந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு காலை, பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். என் கல்யாணத்துக்கு முன்பே என் மனைவிக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். ஆயிரம் தடவை சொல்லி அவளை அறுத்திருக்கிறேன்.

புதன்கிழமை அடக்கம். கடைவாசலில் பந்தல், ஊதுவத்திப் புகை. பெட்டியை மூடும்போது எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். திரும்பித் தெருவைப் பார்த்து நின்றேன். பின்னால் மூடி விழும் சத்தம் கேட்டது. காது அடைத்தது. எதிர் வீட்டுச் சுவர் இருண்டது. இத்தனை வருடத்தில் வராத அந்த ஆட்டம் வந்தது.

"முட்டி," என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி, மெதுவாக. "முட்டிய விடுங்க."

விட்டேன். எடை கீழே போனது. சுவர் மறுபடி வெள்ளையாயிற்று. லான் எனக்குக் கொடுத்தது அந்த அரை அங்குலம்தான். வெளியே யாருக்கும் தெரியாது. அதை நான் வைத்திருக்கிறேன்.

தவுக்கே, நான் விழவில்லை.